என் அன்ரனா துணி காயப்போடும் கொடி அன்று

நேற்று மாலை என் அன்ரனாவில் ஈரச் சாரம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. தூரத்து ஆட்களோடு பொழுதுபோக்காகத் தொடர்புகொள்ளும் அமெச்சூர் வானொலிக்கு நான் வைத்த அன்ரனா அது. செப்புக் குழாயை வட்டமாக வளைத்து மொட்டைமாடி மூலையில் நிறுத்திவிட்டு, அது என்னவென்று அயலவர்களுக்கு விளக்கியே தொண்டை வற்றிப்போனவர்களுக்கு இதற்குமேல் கதை தேவைப்படாது. ஆனாலும் சொல்லித்தான் தீருவேன்.

பொழுது சாய்கிற நேரம். நாற்பது மீற்றர் அலைவரிசை திறந்துகொண்டிருந்தது, அதாவது தூரத்துச் சமிக்ஞைகள் கேட்கத் தொடங்கியிருந்தன. 7 மெகாஹேர்ட்சுக்குச் சற்று மேலே, றீயூனியன் தீவிலிருந்து ஒருவர் மோர்ஸில் அழைத்துக்கொண்டிருந்தார். இரைச்சலுக்குள் மூழ்கி மூழ்கி எழும் மிக மெலிந்த சமிக்ஞை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பதில் அனுப்பினேன். வானொலியில் என் பெயரான அழைப்புக்குறியில், இலங்கையைக் குறிக்கும் 4எஸ்7 வரை அவருக்குக் கேட்டுவிட்டது. மிகுதியைக் கேட்டு ஒரு கேள்விக்குறி அனுப்பினார். அந்தக் கேள்விக்குறி முடிந்ததும் முடியாததுமாக என் வானொலிச் செற் ஊமையாகிவிட்டது. சமிக்ஞை மட்டுமன்று, இரைச்சலும் போய்விட்டது. வளையத்தை அலைக்கு இசைக்கும் கொள்ளளவியைச் சுழற்றும் சிறு மோட்டாரை இந்த எல்லைவரை ஓட்டினேன், அந்த எல்லைவரை ஓட்டினேன், பரிவு (வளையம் அலையோடு இசையும் புள்ளி) எங்கும் அகப்படவில்லை. சிறிது சக்தி கொடுத்துப் பார்த்தால் அன்ரனா ஏற்காமல் திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். முள் மேலே ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்தது. கடற்காற்றின் உப்பு இணைப்பியைத் தின்றுவிட்டதோ என்று நினைத்தேன். மோட்டாரின் பட்டி அறுந்திருக்குமோ என்று நினைத்தேன். காகம் இருந்திருக்கும் என்றும் நினைத்தேன், ஆனால் காகத்துக்கு இவ்வளவு வல்லமை இல்லை. படிகளில் மூச்சிரைக்க ஏறிப் போனால், நீலக் கட்டம் போட்ட சாரம், நீர் சொட்டச் சொட்ட, வளையத்தின் உச்சியில் கொள்ளளவிப் பெட்டியை மூடியபடி, இரு பக்கமும் விளிம்பு சமமாக வரும்படி அத்தனை அக்கறையோடு விரிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கைக்குட்டை. அது பறந்துவிடாமல் கிளிப் போட்டுப் பொருத்தப்பட்டிருந்த இடம், "உயர் மின்னழுத்தம், தொடாதீர்" என்று தமிழிலும் சிங்களத்திலும் நான் எழுதித் தொங்கவிட்ட அட்டை.

மேல்வீட்டு அன்ரி தொட்டியடியில் நின்றபடி, "சும்மா நிக்கிற வளையம்தானே தம்பி, கொடியில இடமில்லை," என்றார்.

சும்மா நிற்கிறதாம்! ஒரு மீற்றர் விட்டமுள்ள அந்த வளையத்துக்கு நாற்பது மீற்றர் அலையில் கிடைக்கும் கதிர்வீச்சுத் தடை, அதாவது சக்தியை அலையாக வெளியே அனுப்பும் தடை, ஓர் ஓமின் ஆயிரத்தில் ஆறு பங்கு. செப்பின் சொந்தத் தடை அதைப்போல ஐந்து மடங்கு. நான் ஊட்டும் 10 உவாற்றில் ஒன்றரை உவாற்று வானத்துக்குப் போனாலே புண்ணியம்; மிகுதி குழாயைச் சூடாக்கிவிட்டு அடங்கிவிடும். மீடிறனை (அலைவெண்ணை) சில கிலோஹேர்ட்ஸ் நகர்த்தினாலே மறுபடி இசைக்க வேண்டும். கையைக் கிட்டக் கொண்டுபோனாலே விலகிப்போகிற பரிவு, ஒரு முழுச் சாரத்தின் தண்ணீரைத் தாங்குமா? அதைவிட, அந்தப் 10 உவாற்றிலேயே கொள்ளளவியின் முனைகளுக்கிடையே 1,500 வோல்ற்றுக்கு மேல் எழும். அவர் சாரத்தை விரித்த கணத்தில் நான் மோர்ஸ் சாவியை அழுத்திக்கொண்டிருந்தால் அன்ரியின் விரல் பொசுங்கியிருக்கும். அந்தப் பழியும் என் தலையில்தான் விழுந்திருக்கும்.

இந்த வளையத்தை ஆசைப்பட்டா வைத்தேன்? இதே அலைக்கு அரை அலை நீளக் கம்பி 20 மீற்றர் இழுத்துக் கட்டினால் பத்துப் பங்கு நிம்மதி. வீட்டுக்காரர் விடவில்லை. கம்பி கட்டினால் கட்டடத்தின் அழகு கெட்டுவிடுமாம். அந்த அழகை நீங்கள் வந்து பார்க்க வேண்டும்: சந்தா நின்றுபோய்த் துருப்பிடித்த டிஷ்கள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், கால் உடைந்த கதிரைகள், போதாக்குறைக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கொடிக்கயிறுகள். அந்தக் கயிறுகளெல்லாம் கம்பியாக இருந்தால் எண்பது மீற்றர் அலைக்கும் அன்ரனா கட்டி மிச்சம் வைக்கலாம்.

அடுத்தது தலையிடி. என் வளையத்திலிருந்து வரும் "கதிர்" தனக்குத் தலையிடி தருகிறது என்று அன்ரியின் கணவர் வீட்டுக்காரரிடம் முறையிட்டிருக்கிறார், அதுவும் கைத்தொலைபேசியைக் காதில் ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்காக. அவர் வீட்டுக் கூரைச் சூரியக்கலத்தின் இன்வேட்டர் பகல் முழுவதும் என் செற்றில் இரைகிறது. பொழுதுபட்டதும் அவர்களுடைய மலிவு எல்.ஈ.டி. விளக்குகள் அந்தப் பணியைப் பொறுப்பேற்கின்றன. நான் எவரிடமும் முறையிடவில்லை. பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெற்றவன் நான். இன்வேட்டருக்கு எந்தப் பரீட்சையும் இல்லை.

இதெல்லாம் நடப்பது எந்த ஊரில்? திருகோணமலையில்! ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே 2013 வரை 250 கிலோவாற்றுச் சிற்றலை ஒலிபரப்பிகளை நடத்திய மாவட்டத்தில், என் ஒன்றரை உவாற்றுக்குத் தலையிடிக்கிறதாம். 2004 சுனாமியில் தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது அம்பாந்தோட்டையிலிருந்து செய்தியை வெளியே கொண்டுவந்ததும், இதே வங்காள விரிகுடாவின் மறுகரையில் அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து இந்திய அமெச்சூர் வானொலியாளர் பாரதி பிரசாத் சேதிகளை அனுப்பிக்கொண்டிருந்ததும் இந்த அமெச்சூர் வானொலியில்தான் என்று ஒருமுறை வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப வட்ஸ்அப் இருக்குத்தானே," என்றார்.

கொடியில் இடமில்லை என்பதுதானே சிக்கல், நானே புதுக் கொடி கட்டித் தருகிறேன் என்று இன்று காலை சொல்லிப் பார்த்தேன். பிளாஸ்ரிக் உறையிட்ட கம்பி, தொட்டியடியிலிருந்து எதிர் மூலைவரை 20 மீற்றர், நடுவில் சிறியதோர் இடைவெளி, அங்கிருந்து என் அறைக்கு இறங்கும் ஒரு கேபிள். அன்ரனாக் கம்பிக்கு அழகு பேசிய அதே மனிதர், கொடி என்றதும், "நல்ல விசயம், கட்டுங்கோ," என்று அந்த இடத்திலேயே சம்மதித்துவிட்டார். நான் வென்றுவிட்டதாக நினைத்து அரை நிமிடம் மகிழ்ந்திருப்பேன். பிறகு அன்ரி தன் ஒரே நிபந்தனையைச் சொன்னார்: கொடி அவருடைய கைக்கு எட்ட வேண்டும்.

கொங்கிறீற்றுத் தளத்துக்கு ஒன்றரை மீற்றர் மேலே ஒரு நாற்பது மீற்றர் அன்ரனா! அலைநீளத்தில் இருபத்தெட்டில் ஒரு பங்குகூடச் சரியாக வராத உயரம், அதுவும் இரண்டு வீட்டு ஈரத்துணியைச் சுமந்துகொண்டு. கட்டடத்தின் இரும்புக் கம்பிகளுக்கு நல்ல சமிக்ஞை கிடைக்கும், றீயூனியனுக்குக் கிடைக்காது. கோபப்படத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. மாரி மழை தொடங்க முதல் கட்டி முடிக்க வேண்டுமாம். கிளிப் அவர்கள் தருவார்களாம்.