யாரும் எதையும் வீணாக்கவில்லை, ஐயா

ஞாயிற்றுக்கிழமை நம் மைதானத்தில் நடந்த விளையாட்டுப் போட்டி வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், முழுக்கதையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. பிரதம அதிதி ஐயா மைக்கைப் பிடித்துப் பழைய ஓட்டக்காரர்களைப் பற்றிச் சொன்ன ஒரு வசனம்தான் மூன்று நாளாக எனக்குத் தொண்டையிலேயே நிற்கிறது. "திறமையை வீணாக்கிவிட்டு இன்றைக்குக் கொழும்புக் கடைகளில் மூட்டை தூக்குகிறார்கள்." அவர் அதைச் சொல்லும்போது, சற்றுமுன் சுடர் ஏந்தி மைதானத்தைச் சுற்றி ஓடிய தம்பி மேடைக்குக் கீழேதான் நின்றான். பழைய சாம்பியன் என்று அழைத்தார்களே என்று ஒரு நாள் சம்பளத்தை விட்டு, இரவு பஸ் ஏறி வந்தவன். நாமும் கைதட்டினோம்.

யாரும் எதையும் வீணாக்கவில்லை, ஐயா. ஓடச் சொன்னீர்கள், ஓடினான். கேடயம் வாங்கினான், அது ஒப்பீஸ் அலுமாரிக்குப் போனது. ஓட்டம் முடிந்த பிறகு அவன் என்ன செய்வது என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

நானும் அதே மைதானத்தில் ஓடியவள்தான். 1500, 3000 மீற்றர். வலயப் போட்டி, மாகாணப் போட்டி தாண்டி ஒருமுறை கொழும்பு சுகததாச விளையாட்டரங்கு வரை போனேன். செயற்கை ஓடுபாதையில் முதன்முதலாகக் கால் வைத்தது அன்றைக்குத்தான், அதுவும் இரவல் ஸ்பைக்ஸில். ஐந்தாவதாக வந்தேன். (அம்மா இன்றைக்கும் "ரெண்டாவது" என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறார், நான் திருத்துவதில்லை.) தோட்டத்தில் என் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, ஓட்டக்காரி என்றால்தான் தெரியும். 20 வயதுப் பிரிவு முடிந்தது, உயர்தரப் பரீட்சையும் முடிந்தது. அடுத்த நாள் வழக்கம்போல விடியற்காலை நாலரைக்கு முழிப்பு வந்துவிட்டது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்து வாசல்வரை வந்துவிட்டேன். அப்புறம்தான் எந்தப் போட்டிக்கு என்ற யோசனை வந்தது. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்து, "படு புள்ள, இனி என்னத்துக்கு" என்றார். போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை, ஒரு வருடத்துக்கு அந்த நேரத்தில் தூக்கம் வரவில்லை.

முதல் நேர்முகப் பரீட்சைக்குப் பதினேழு சான்றிதழ் கொண்டுபோனேன். அந்த மனிதர் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "நல்லா ஓடுவீங்க போல. எக்செல் தெரியுமா?" என்றார். அவரில் எனக்குக் கோபமில்லை. இத்தனை வருடம் பயிற்சிக்கு வா, வா என்று கூப்பிட்டவர்களில் ஒருவராவது அந்தக் கேள்வியை முன்னாலேயே கேட்டிருக்கலாமே.

இப்போது கமெண்டில் வருவார்கள், "முரளியைப் பாருங்கள்" என்று. பார்த்தாயிற்று. 2010இல் காலி நகரில் 800ஆவது டெஸ்ட் விக்கெட் எடுத்ததை நாங்களும்தான் பட்டாசு கொளுத்திக் கொண்டாடினோம். அவருடைய அப்பாவுக்குக் கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை இருந்தது. எங்கள் லயத்தில் பிஸ்கட் இருந்ததே தீபாவளிக்குத்தான்.

"ஏன், இராணுவம், பொலிஸ் இருக்கே?" இதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டுத் தேசிய மட்ட ஓட்டக்காரர்களில் நிறையப் பேர் அங்கேதான், சம்பளமும் கிடைக்கும், பயிற்சியும் கிடைக்கும். ஒலிம்பிக் பதக்கம் வென்ற ஓட்டக்காரி சுசந்திகாவும் இராணுவத்தில் இருந்தவர்தான். சிங்களம் தட்டுத்தடுமாறிப் பேசும் 19 வயதுத் தோட்டத்துப் பிள்ளை அதற்கு யாரிடம் போய்க் கேட்பது? சரி, நானும் கேட்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன், விடுங்கள்.

"படித்திருக்கலாமே" என்பவர்களுக்கு. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானத்துக்கு ஒரு பட்டப்படிப்பே இருக்கிறது, அதற்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை வைக்கிறார்கள். அது இருக்கும் பெலிஹுல்ஓயா ஒன்றும் லண்டன் இல்லை. ஆனால் எனக்கு அது தெரியவந்தது 24 வயதில், நான் வேலைசெய்யும் பார்மசிக்குப் பனடோல் வாங்கவந்த ஒரு கெம்பஸ் பிள்ளை சொல்லித்தான். நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்ட எவ்வளவு செலவாகும்? ஞாயிற்றுக்கிழமை போட்ட பொன்னாடைகளில் ஒன்றைக் குறைத்திருந்தாலே போதுமே.

அப்புறம், மூட்டை தூக்குவதில் என்ன கேவலம்? அந்த மூட்டைக் காசில்தான் அவன் தங்கச்சி படிக்கிறாள். தோட்டத்தில் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021இல்தான். அதற்கும் முந்திய காலத்தில், தீபாவளி அட்வான்ஸ் எடுத்து எனக்குச் சப்பாத்து வாங்கினார் அம்மா. அந்த வருடம் அவருக்குச் சேலை இல்லை. தோட்டத்தில் யார் கேட்டாலும் "பழசே நல்லாத்தான் இருக்கு" என்றார். வீண் என்று நீங்கள் மைக்கில் சொன்னது அந்தச் சேலையையும் சேர்த்துத்தான், ஐயா. உங்களுக்கு அது தெரிந்திருக்காது, தெரியாவிட்டால் பேசாமலாவது இருந்திருக்கலாம்.

நேற்று இரவு அந்தத் தம்பி கோல் எடுத்தான். சண்டைபோடச் சொல்வான் என்று நினைத்தேன். "அக்கா, அந்த வீடியோவை எடுக்கச் சொல்ல ஏலுமா? கடையில முதலாளி பார்த்துட்டு எல்லாருக்கும் போட்டுக் காட்டுறாரு" என்றான். வீடியோவைப் போட்ட அந்தப் பக்கத்தின் அட்மினைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பொக்ஸுக்கு வாங்க.