அந்தப் பத்து நாளுக்கு யார் பொறுப்பு?

இரண்டு நாளாக யார் பக்கத்துக்குப் போனாலும் அந்த வீடியோதான். எந்த வீடியோ என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காரை ஓரங்கட்டிவிட்டு, சாலையில் காய்ந்துகொண்டிருந்த குண்டு மிளகாயைச் செருப்புக் காலால் கிளறிக் காட்டி, "இதைத்தான் நீங்க சாம்பார்ல போட்டுச் சாப்பிடுறீங்க மக்களே" என்று சொன்னாரே, அவரேதான். அவர்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. லைக்குக்காக எதையும் பேசுகிற காலம். அதன் கீழே, வேளாண்மை சார்ந்த பணியிலிருந்து ஓய்வுபெற்றவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எழுதிய கமெண்ட்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறது. "அரசு உலர்களம் கட்டிக் கொடுத்திருக்கிறது, உலர்த்திக்கு மானியமும் தருகிறது. விவசாயிகள்தான் பயன்படுத்திக்கொள்வதில்லை."

பயன்படுத்திக்கொள்வதில்லையாம்!

சரி ஐயா, பேசுவோம். ராமநாதபுரம் சீமையில் மிளகாய் பெரும்பாலும் மானாவாரி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்து, மாசியில் பழம் எடுக்க ஆரம்பித்தால் சித்திரை தாண்டியும் போகும். விதைக்கிறபோது அரசு இருக்கிறது. உரத்துக்கு இருக்கிறது, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு இருக்கிறது. செடியில் பூச்சி விழுந்தால் என்ன மருந்து அடிக்கலாம் என்று சொல்லவும் ஆள் இருக்கிறது. பழத்தைப் பறித்துச் சாக்கில் போட்ட அந்த நிமிஷத்திலிருந்து யாரும் இல்லை. மறுபடி அரசு கண்ணுக்குத் தெரிவது வத்தல் மூட்டை விற்பனைக் கூடத்துக்குப் போன பிறகுதான். நடுவில் இருக்கிற அந்தப் பத்து நாளுக்கு யார் பொறுப்பு? என் கேள்வி அவ்வளவுதான்.

அந்தப் பத்து நாளில் என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிளகாய்ப் பழத்தில் முக்கால்வாசி தண்ணீர். அந்த ஈரத்தைப் பத்து சதவீதம் அளவுக்கு இறக்கினால்தான் அது கெடாமல் இருக்கும் வத்தல். மூன்றரை, நாலு கிலோ பழம் காய்ந்து ஒரு கிலோ வரும். வெயில் ஒழுங்காக அடித்தால் ஒரு வாரம், மேகம் போட்டால் பத்து நாள், பதினைந்து நாள்கூட. காலையில் விரிக்க வேண்டும், நடுவில் கிளறிவிட வேண்டும், பொழுது சாய்ந்தால் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். இல்லையென்றால் பனி இறங்கிவிடும். இடையில் ஒரு கோடை மழை பிடித்தால் போச்சு. நிறம் வெளுத்துச் சண்டாகிவிடும், அதாவது கழிவு வத்தல். நல்ல வத்தலுக்குக் கிடைக்கிற விலையில் பாதிகூடச் சண்டு வத்தலுக்குக் கிடைக்காது. கமிஷன் கடையில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள், அவ்வளவுதான் பேரம். ஆறு மாதப் பாடு மொத்தமும் அந்தப் பத்து நாளில் நிற்கிறது.

ஏன் ரோட்டில் போடுகிறோம்? வேறு சுத்தமான இடம் இல்லாததால். மண் தரையில் ஈரப் பழம் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சைதான் அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சை உண்டாக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருந்தால் மிளகாயை உள்ளே விடாது. தார்ச்சாலை சூடு பிடித்துக் கிடக்கும், மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, மண் ஒட்டாது, வாடகை கிடையாது. வீடியோக்காரர் அசிங்கம் என்று காட்டிய அந்த இடம்தான் எங்கள் ஊரில் இருக்கிற இடங்களிலேயே கொஞ்சம் சுத்தமான இடம். இதைக் கேட்டு வெட்கப்பட வேண்டியது யார்?

களம் கட்டியிருக்கிறார்கள், உண்மைதான். நான் மறுக்கவில்லை. எங்கள் ஊருக்கும் ஒன்று இருக்கிறது. மாசி, பங்குனியில் ஊரே ஒரே வாரத்தில் பழம் எடுக்கும்போது அந்த ஒரு களத்தில் எத்தனை பேர் விரிப்பது? முதலில் விரிப்பவர் யார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஏக்கர்க்காரன் முறை வருவதற்குள் அவன் பழம் அழுகிவிடும். அப்புறம் அது வெறும் சிமெண்ட் தரை. மேலே கூரை இல்லை, மழை வந்தால் ரோடும் அதுவும் ஒன்றுதான். கட்டியதோடு கணக்கு முடிந்தது. போர்டில் பெயரும் திட்ட மதிப்பும் இருக்கின்றன, படம் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது மானியம். அதையும் பார்த்தாகிவிட்டது. என் அக்கா வீட்டுக்காரர், மச்சான், சூரிய உலர்த்தி போட ஆசைப்பட்டார். பாலிகார்பனேட் தகடு போட்ட கூடாரம். உள்ளே சூடு ஏறி, வெட்டவெளியில் ஆகிற நாளில் ஏறத்தாழப் பாதியில் காய்ந்துவிடும். தூசி இல்லை, மழை பெய்தாலும் பதறி ஓட வேண்டியதில்லை. நல்ல பொருள்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று என்று எல்லாம் எடுத்தார். பட்டா இன்னும் தாத்தா பேரில் கூட்டாகக் கிடக்கிறது, அதைப் பிரித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பங்காளிகளில் ஒருவர் மலேசியாவில் இருக்கிறார். அதையும் ஒருவழியாகச் சரிசெய்துகொண்டு போனால், முழுத் தொகையையும் முதலில் நீங்கள் போட்டுக் கட்டுங்கள், மானியம் பின்னால் வங்கிக் கணக்கில் ஏறும் என்று பதில் வந்தது. முழுத் தொகையைக் கையில் வைத்திருக்கிற மனுஷன் எதற்கு அந்த வாசலில் போய் நிற்கப்போகிறார்? மச்சான் ஃபைலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். இந்நேரம் ஏதாவது ஒரு அறிக்கையில் அவரும் 'ஆர்வம் காட்டாத விவசாயி'யாக இருப்பார்.

பெரிய திட்டங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் லிங்க் அனுப்புவீர்கள். குறு உணவுத் தொழில்களுக்கு 2020 முதல் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் மசாலாப் பொருள்களுக்கென்றே ஸ்பைசஸ் பார்க். எல்லாம் நல்ல திட்டங்கள். தொழில் தொடங்குகிறவருக்கு, கடன் வாங்கத் தகுதி இருப்பவருக்கு, காய்ந்த சரக்கைக் கையில் வைத்திருப்பவருக்கு. ஒன்றரை ஏக்கரில் பறித்த ஈரப் பழத்தோடு நிற்கிறவர் இதில் எந்தக் கதவைத் தட்டுவது?

சொந்தமாக வாங்க மானியம் கொடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. வாடகைக்கு விடுங்கள் என்கிறேன். வேளாண் பொறியியல் துறை டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. உழுவதற்கு வாடகை இயந்திரம் உண்டு, அறுப்பதற்கு உண்டு, காய வைக்க மட்டும் கிடையாது என்றால் என்ன நியாயம்? ஈரோட்டுப் பக்கம் நண்பர் ஒருவர் மஞ்சள் போடுகிறார். மஞ்சளை வேகவைக்கும் நீராவி பாய்லர் அவர் காட்டுக்கே வாடகைக்கு வருகிறது, மெருகு போடும் இயந்திரமும் அப்படித்தான். அவர் எதையும் சொந்தமாக வாங்கவில்லை. மஞ்சளுக்கு 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் தனி வாரியமே வந்துவிட்டது. வரட்டும், சந்தோஷம். எங்களுக்கு வாரியம் வேண்டாம், ஊருக்கு நாலு உலர்த்தி போதும். கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம்.

இப்போது சிலர் கிளம்பி வருவார்கள். "ரோட்டில் கொட்டினால் டூவீலர் சறுக்கி விழுமே?" விழும். அது தப்புதான். ராத்திரியில் கல்லை அடுக்கி வைத்துவிட்டுப் போகிறவர்களை நானே திட்டியிருக்கிறேன். அதனால்தான் வேறு இடம் கேட்கிறோம்.

"என் வரிப்பணத்தில் எல்லாமே மானியமா?" இந்தக் கேள்வியை ஒவ்வொரு பதிவிலும் ஒருவர் கேட்கிறார். சாலையோர ஓட்டலில் மிளகாய்ப்பொடி போட்ட மீன் வறுவலைப் போட்டோ எடுத்து ஏற்றியவரும் அவரேதான். உங்கள் வரிப்பணம் தொழிற்பேட்டைக்கு ரோடு போடும்போதும், கம்பெனிக்குச் சலுகை விலையில் நிலம் கொடுக்கும்போதும் உங்களுக்கு வலிக்கவில்லை. மிளகாய்க்கு ஒரு கூரை கேட்டால் மட்டும் வலிக்கிறது.

"பயிர்க் காப்பீடு இருக்கிறதே?" இருக்கிறது. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் அறுவடைக்குப் பின் 14 நாள் வரை பருவம் தவறிய மழைக்குப் பாதுகாப்பு உண்டு. கவனியுங்கள், அப்படி ஒரு பத்து நாள் இருப்பது அரசுக்கு நன்றாகத் தெரியும்! ஆனால் வயலிலேயே வெட்டிப் பரப்பி வைத்திருக்கிற பயிருக்குத்தான் அது. கரிசல் மண் வயலில் பழத்தைப் பரப்பினால் காப்பீடு கிடைக்கலாம், கூடவே பூஞ்சையும் கிடைக்கும்.

2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு, அதாவது எங்கள் குண்டு மிளகாய்க்கு, புவிசார் குறியீடு கிடைத்தபோது எத்தனை பேர் பெருமையாகப் பகிர்ந்தீர்கள். நானும் பகிர்ந்தேன். அடுத்த வருஷமே, 2024 ஏப்ரலில், எத்திலீன் ஆக்சைடு இருக்கிறது என்று ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாக்களின் விற்பனையை நிறுத்தின. அது கிருமியைக் கொல்லப் பயன்படுத்துகிற வாயு. காய வைக்கிற இடத்திலேயே சுத்தமாகக் காய வைத்தால் பிறகு கொல்ல வேண்டிய கிருமி குறையும் என்று சொல்ல விஞ்ஞானி வேண்டுமா? குறியீடு கொடுத்தார்கள், கூரை கொடுக்கவில்லை.

இவ்வளவும் பேசுகிறேன், ஆனால் 'விவசாயி' என்று சொன்னதும் உங்கள் மனசில் வருவது துண்டு போட்ட ஒரு ஆண்தான். அந்தப் பத்து நாளில் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பது யார் என்று எங்கள் பக்கம் வந்து பாருங்கள். அம்மா, அக்கா, சித்தி, மதினி. விரிப்பதும் கிளறுவதும் சண்டு பொறுக்குவதும் அவர்கள்தான். நெடியில் இருமி இருமி, கை எரிச்சல் தாங்காமல் மோரில் விரலை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் அம்மாவுக்குப் பங்குனி வந்தால் கண் சிவந்தே இருக்கும். பட்டாவில் அவர்கள் பெயர் இல்லை. பட்டா இல்லாததால் மானிய விண்ணப்பத்திலும் இல்லை. அந்த வீடியோவில் காலால் கிளறப்பட்ட மிளகாய்க்குப் பக்கத்தில், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு அம்மா எழுந்து நின்றார்களே, அவர்களைப் பற்றி ஒரு கமெண்ட்கூட இல்லை.

போன பருவத்தில் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பப் பயிற்சி என்று ஒன்று நடந்தது. ஃபேன் போட்ட ஹால், நோட்டு, பேனா, மதியம் சாப்பாடு. மச்சான் போய்விட்டு வந்தார். மிளகாயை எப்படிக் காய வைப்பது என்று சொல்லிக் கொடுத்தார்களாம். அக்காவை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க முடியாது, அன்றைக்கு வத்தல் வெளியில் கிடந்தது.

இதற்கும் கீழே வந்து "விவசாயிகளிடம் விழிப்புணர்வு இல்லை" என்று எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். பதில் சொல்கிற பொறுமை இன்று எனக்கு இல்லை.