காலாகோட் பாறைகளையும் சேர்த்திருக்கலாம்

திமிங்கிலங்களின் தோற்றம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவற்றின் மூதாதையர் நிலத்தில் நடந்தவை என்பதைப் புதைபடிவங்களே காட்டிவிட்டன என்று அது சொல்கிறது. உண்மைதான், ஆனால் புதைபடிவம் மட்டும் போதவில்லை. பல்லின் வடிவத்தை வைத்து, மெசோனிக்கிட் என்ற அழிந்துபோன ஊனுண்ணிகளே திமிங்கிலத்தின் முன்னோர் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 1990களில் மரபணு ஒப்பீடு வேறு திசையைக் காட்டியது: உயிரோடிருப்பவற்றில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை! பலர் ஏற்கவில்லை. அப்புறம் 2001ல் பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பு அந்தத் தயக்கத்தை உடைத்தது. இருபுறமும் கப்பி போன்ற அமைப்பு. ஆடு, மாடு, மான், நீர்யானை போன்ற இரட்டைக் குளம்பிகளுக்கே உரிய அடையாளம் அது. எலும்பும் மரபணுவும் தனித்தனி வழியில் வந்து ஒரே இடத்தில் சேர்ந்தன. எனக்கு இதுதான் பெரிய சான்று.

கட்டுரை தொடாத இன்னொன்று, ஜம்மு பகுதியின் காலாகோட். அங்கே இந்தியப் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் சேகரித்த பாறைகள் அவர் மறைவுக்குப் பின் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் போயின. அவற்றைச் சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோட்டின் காதுப்பகுதி தற்செயலாக உடைந்தது. உள்ளே, திமிங்கிலங்களுக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட தடித்த செவி எலும்புச் சுவர்! அந்த விலங்குதான் சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இண்டோஹையஸ் என்ற சிறிய இரட்டைக் குளம்பி, திமிங்கிலங்களின் நெருங்கிய உறவு. கால் எலும்புகளும் கனத்திருந்ததால், தண்ணீரில் இறங்கி நடந்த விலங்கு என்று கணித்தார்கள். 2007ல் ஆய்வு வெளியானது. ரங்கா ராவின் பெயரைக் கட்டுரையில் சேர்க்க வேண்டுகிறேன்.