அகலம் மட்டும் போதாது

நாய்களின் காயத்தை மூடும் தோல் மடல் (ஒரு பக்கம் உடலோடு ஒட்டியிருக்க, உயர்த்தி நகர்த்தும் தோல்துண்டு) பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஒட்டியிருக்கும் அடிப்பாகம் அகலமாக இருந்தாலே மடலின் நுனி பிழைத்துவிடும் என்கிறது அது. அப்படியே ஏற்க முடியவில்லை. உள்ளே எந்தத் தமனி ஓடுகிறது என்பதுதான் முக்கியம். மனிதர்களுக்குப் பெரும்பாலும் தசையைத் துளைத்துத் தோலுக்கு வரும் ரத்தக்குழாய்கள். நாய்க்கோ தோலுக்கு இணையாகவே ஓடும் தமனிகள். அதனால்தான் உடற்பகுதியில் தோலடித் தசைப்படலத்துக்கும் கீழே போய்ப் பிரிக்கிறோம். அந்தப் படலத்துக்கு மேலாகவே உரித்தால் குழாய்வலையே அறுந்துபோகும். இடுப்பு மடிப்பருகே கிளம்பி முலைக்காம்பு வரிசையோடு ஓடும் தமனியைச் சேர்த்தெடுத்தால், மடல் பின்தொடையைத் தாராளமாக மூடும்!

இன்னொன்று. மறுநாளே நுனி நீலம் பாரித்தால் அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள், பாவம். சிரை ரத்தம் தேங்கினாலும் அந்த நிறம் வரும். எது தேறும், எது கருகும் என்று தெளியச் சில நாளாகும். கட்டு இறுக்குகிறதா, அடிப்பாகம் முறுக்கிக்கொண்டதா என்று முதலில் பாருங்கள்.