அன்லிமிடெட் என்பது கைப்பைக்கும் சேர்த்தா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூணு மணிக்கு கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கம் பஃபே போடும் ஓட்டல் எதிலாவது உட்கார்ந்து பாருங்கள். குடும்பமே சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டிருக்கும். ஒருவர் மட்டும் மறுபடி எழுந்து போய்த் தட்டு நிறைய சிக்கன் லாலிபாப் எடுத்து வருவார். டிஷ்யூ பேப்பர் ஒன்றன் மேல் ஒன்றாக விரியும். மேசைக்கடியில் கைப்பையின் ஜிப் மெதுவாகத் திறக்கும். சப்ளையர் பார்த்தும் பார்க்காத மாதிரி தண்ணி ஜக்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார்.

இது சரியா தப்பா என்று பேச்செடுத்தால் உடனே ரெண்டு கட்சி. "காசு குடுத்தாச்சு, எங்க சாப்பிட்டா என்ன?" என்பது ஒன்று. "அது திருட்டு" என்பது இன்னொன்று. திருட்டு என்கிற வார்த்தை எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஆனால் முதல் கட்சி சொல்வது கணக்கே தெரியாத பேச்சு.

பஃபேக்குப் போர்டில் எழுதியிருக்கும் விலை சாப்பாட்டின் விலை இல்லை, சராசரியின் விலை. உதாரணத்துக்கு மதியத்துக்கு 100 பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் ஸ்டார்ட்டருக்குத் தலைக்கு மூணரைத் துண்டு என்று 350 துண்டு போடுவார். காலேஜ் பையன் பத்துத் துண்டு சாப்பிடுவான். அவன் பாட்டி ஒன்றைக்கூடத் தொடாமல் தயிர் சாதத்தோடு நிறுத்திக்கொள்வார். ரெண்டும் கழிந்து கணக்கு நேராகிவிடும். அரிசியும் அப்படித்தான். வெறும் பிரியாணி மட்டும் போட்டால் ஒரு கிலோ அரிசி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு வரும். பக்கத்தில் நாண், நூடுல்ஸ், சாம்பார் சாதம் என்று இருந்தால் அதே ஒரு கிலோ பதினைந்து பேர் வரை ஓடும். இந்த மொத்தக் கணக்குக்கும் ஒரே பூட்டுதான், அது மனுஷ வயிறு. எவ்வளவு பெரிய சாப்பாட்டு ராமனாக இருந்தாலும் ஒரு இடத்தில் போதும் என்பார். கைப்பைக்கு அந்தப் பூட்டு கிடையாது.

பத்துப் பேர் ஆளுக்கு எட்டுத் துண்டு எடுத்துப் போனால் 80 துண்டு. கிட்டத்தட்ட இருபத்திமூணு பேருடைய பங்கு அது. ரெண்டரை மணிக்கு உள்ளே வருகிறவருக்கு வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும்தான் மிஞ்சும். பைக்குள் போவது எது என்றும் பாருங்கள். சிக்கன், இறால், பன்னீர், ஸ்வீட். யாரும் ரசத்தைக் கைப்பையில் ஊற்றிக்கொண்டு போவதில்லை. விலை கூடின ஐட்டம் போய், விலை குறைந்த ஐட்டம் ஓட்டலுக்கு மிச்சமாகிறது. ஓட்டல்காரர் என்ன செய்வார்? துண்டைச் சின்னதாக்குவார். ஸ்டார்ட்டரை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, ஆள் வைத்து ரெண்டு ரெண்டாகப் பரிமாறுவார். கோழியைக் குறைத்து கோபி 65, உருளைக்கிழங்கு என்று இடத்தை நிரப்புவார். அதுவும் கட்டவில்லை என்றால் தலைக்கு அம்பது ரூபாய் ஏற்றுவார். எடுக்காதவர்தான் எடுத்தவருக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறார்.

காசை விடுங்கள். வயிற்றைக் கெடுக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

மூடி போட்ட அந்தப் பளபள பாத்திரத்துக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தட்டு, அதற்கும் அடியில் ஜெல் டப்பா எரியும். அந்தச் சின்னத் தீ உணவைச் சூடாக்குவதற்கு இல்லை, ஏற்கெனவே இருக்கிற சூட்டைப் பிடித்து வைக்க மட்டும்தான். உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றாமல் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலோ, தண்ணீர் வற்றினாலோ, வருகிறவர் போகிறவர் எல்லாம் மூடியைத் திறந்தே விட்டாலோ, அடியில் பிடித்துக்கொள்ளும், மேலே வெதுவெதுப்பாக நிற்கும். அந்த வெதுவெதுப்புதான் கிருமிக்குக் கொண்டாட்டம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சில கிருமிகள் வசதி கிடைத்தால் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

இப்போது நேரத்தைக் கூட்டுங்கள். பன்னிரண்டரைக்கு வைத்த பிரியாணி மூணு மணிக்குப் பைக்குள் போகிறது. பை காருக்குள், கார் வெயிலில். தர்மபுரி தாண்டி சேலம் போகிறவர் என்றால் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அங்கே ஒரு லாரி சாய்ந்துவிட்டால் எப்போது வீடு போய்ச் சேருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. பெங்களூரு பக்கம் திரும்புகிறவருக்கு ஓசூர், அத்திப்பள்ளி ஞாயிறு மாலை நெரிசல். சமைத்த உணவு வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர் சித்திரையில் அந்த ஒரு மணி நேரம் ஓட்டல் வாசலிலேயே முடிந்திருக்கும்.

"வீட்டுக்குப் போய் நல்லா சூடு பண்ணிக்குவோம்" என்பார்கள். சோற்றில் அதுதான் பலிக்காது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்கிற கிருமியின் வித்து, சோறு வேகும்போதும் சாகாது. சோறு மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகி ஒரு நச்சை விடும். கிருமி செத்தாலும் அந்த நச்சு சூட்டில் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி. கெட்டியான கறிக் குழம்பில் வருவது வேறு கிருமி, அது வயிற்றுப்போக்கு. முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஊசிப் போய் நூல் விட்டால் நம் மூக்கு சொல்லும், இந்த நச்சுக்கு வாசனை கிடையாது. ரைத்தா, மயோனைஸ் போட்ட சாலட், கஸ்டர்ட் எல்லாம் இன்னும் மோசம், குளிர் விட்டதும் கணக்கு ஆரம்பித்துவிடும்.

ராத்திரி குழந்தைக்கு வாந்தி வந்தால் "அந்த ஓட்டல்ல சாப்பிட்டதுதான்" என்று கூகுளில் ஒரு நட்சத்திரம் விழும். காருக்குள் இருந்த நாலு மணி நேரத்தை யாரும் எழுதமாட்டார்கள். 'பஃபே உணவு பார்சல் இல்லை' என்ற போர்டுக்குப் பின்னால் கஞ்சத்தனம் மட்டும் இல்லை, இந்தப் பயமும் இருக்கிறது.

"நம்ம கல்யாணப் பந்தியில இலையில இருக்கிற ஜாங்கிரிய மடிச்சு எடுத்துட்டுப் போறதில்லையா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. எடுத்துப் போகிறோம், யாரும் தப்பாக நினைப்பதும் இல்லை. ஆனால் அது உங்கள் இலையில் உங்களுக்கென்று வைத்தது. நீங்கள் தின்றாலும் வீட்டில் இருக்கும் பேரனுக்குக் கொண்டுபோனாலும் பரிமாறுகிறவர் கணக்கு மாறாது, இலைக்கு ஒரு ஜாங்கிரி. அதோடு அங்கே நீங்கள் விருந்தாளி. பெண் வீட்டுக்காரரே "அக்கா, பாப்பாவுக்கு ரெண்டு ஒப்பட்டு கட்டிக்கோங்க" என்று கையில் திணிப்பார். பஃபேயில் அளவு வைக்கிற கரண்டி நம் கையில் இருக்கிறது. அளவை நாம் வைத்துக்கொள்கிற இடத்தில் அடக்கமும் நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். பந்திக்கு முந்து என்றார்கள், பார்சலுக்கு முந்து என்று எந்தப் பாட்டியும் சொல்லிக் கேட்டதில்லை.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்கு: பிரான்சில் 2021 ஜூலையிலிருந்து, வாடிக்கையாளர் கேட்டால் மிச்ச உணவைக் கட்டிக்கொண்டு போக ஓட்டல் பாத்திரம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதே சட்டத்தில் வயிறு முட்டச் சாப்பிடும் பஃபேக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். மிச்சத்தைக் கட்டிக் கொடுக்கச் சொல்லும் சட்டமே பஃபேயை வேறு கணக்கில் வைக்கிறது.

தட்டில் விழுந்த மிச்சத்தை என்ன செய்வது? "கொட்டத்தானே போறீங்க, கட்டிக் குடுங்க" என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஒரு ஓட்டல் அதை அனுமதித்துப் பார்க்கட்டும், அடுத்த வாரமே எல்லாத் தட்டிலும் மிச்சம் விழும். அதனால் தட்டு மிச்சமும் பார்சல் இல்லை என்பதுதான் சரி. ஆனால் மிச்சம் வைத்தால் அபராதம் என்று சில இடங்களில் பில்லில் சேர்க்கிறார்களே, அதில் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. உட்காரும் முன்பே கண்ணில் படும்படி, எவ்வளவு மிச்சத்துக்கு எவ்வளவு ரூபாய் என்று தமிழில் எழுதி வைத்திருக்க வேண்டும். கை கழுவிவிட்டு வந்த பிறகு கேப்டன் வந்து சொல்வது அடாவடி. தட்டின் அளவைக் குறைத்தாலே பாதி வீணாவது நிற்கும். பெரிய தட்டில் ஒரு கரண்டி சோறு அநாதை மாதிரித் தெரியும், இன்னொரு கரண்டி போடச் சொல்லும். சின்னக் கரண்டி, சின்னத் தட்டு, குழந்தைகளுக்குத் தனித் தட்டு. இதைச் செய்யாமல் போர்டு மட்டும் வைக்கிற முதலாளிகள் மேல் எனக்குப் பரிதாபம் இல்லை.

சாப்பிடுகிறவர் பக்கமும் வழி சுலபம். முதலில் வெறுங்கையோடு ஒரு சுற்று வந்து என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் தட்டில் ஒவ்வொன்றும் ஒரு வாய் அளவு. பிடித்ததை மட்டும் ரெண்டாம் முறை. ரெண்டாம் முறை போகும்போது புதுத் தட்டு எடுங்கள், எச்சில் தட்டின் விளிம்பில் பட்ட கரண்டி மறுபடி எல்லோருடைய பாத்திரத்துக்குள்ளும் போகிறது. எடுத்ததைத் திரும்பப் போடவே கூடாது. மட்டன் குழம்புக் கரண்டியை சாம்பாருக்குள் விடாதீர்கள், சைவம் சாப்பிடுகிறவர் அதைப் பார்த்தால் அன்றைக்கு வெறும் அப்பளத்தோடு எழுந்துவிடுவார்.

வீட்டில் ஒருவர் வர முடியவில்லை, அவருக்கும் வேண்டும் என்றால் நேராகக் கேளுங்கள். "ண்ணா, ஒரு பிரியாணி தனி பில்லா போட்டு பார்சல் கிடைக்குமா?" பெரும்பாலான இடத்தில் மெனு கார்டு விலைக்குக் கட்டித் தருவார்கள். கேட்பதை உட்கார்ந்ததுமே கேட்க வேண்டும், கிளம்பும்போது கட்டித் தரச் சொல்ல வேண்டும். பஃபே மேசையில் ரெண்டு மணி நேரம் நின்றதை வேண்டாம் என்று, உள்ளே அண்டாவிலிருந்து சூடாகக் கட்டச் சொல்லுங்கள். ஃபாயில் பெட்டியிலோ, நீங்களே கொண்டுபோன சில்வர் டப்பாவிலோ வாங்குங்கள். பிளாஸ்டிக் கவருக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தே தடை, கொதிக்கிற குழம்புக்கு அது ஆகவும் ஆகாது. வீட்டுக்குப் போனதும் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். குவியலாக வைத்தால் நடுவில் சூடு மணிக்கணக்கில் நிற்கும்.

ஓசூரில் வேலை விஷயமாக லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு ரூம் வாடகையோடு காலை பஃபே உண்டு. அங்கேயிருந்து ஒரு வாழைப்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவதை நான் தப்பென்று சொல்லமாட்டேன், உலகம் முழுக்க கண்டும் காணாமல் விடுவதுதான். ஆறு அவித்த முட்டையும் பாக்கெட் ஜாம் பத்தும் வேறு விஷயம். விடியற்காலை ஷிஃப்டுக்கோ ரயிலுக்கோ கிளம்ப வேண்டியிருந்தால் முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குள் ரிசப்ஷனில் சொல்லிவிடுங்கள். இட்லியோ பிரெட் சாண்ட்விச்சோ கட்டி வைப்பார்கள். அது நீங்கள் காசு கட்டிய சாப்பாடு, கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

கடைசியாக மண்டபத்து ரிசப்ஷன் பஃபே. இங்கே காசு கட்டுவது நாம் இல்லை, வீட்டுக்காரர். கேட்டரிங்காரர் பிளேட் எண்ணித்தான் பில் போடுவார். 500 பிளேட் சொல்லியிருக்கும் இடத்தில் குழந்தைக்கொரு பிளேட், பார்சலுக்கொரு பிளேட் என்று போனால் கூடுதல் தொகை மாப்பிள்ளை வீட்டார் தலையில் விழும். கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் கட்டக் கூடாது. அதற்குப் பிறகு மிஞ்சுவது வீட்டுக்காரருடையது, அவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்துக்கு அனுப்ப நினைக்கிற வீட்டுக்காரர்கள் மதியமே போன் போட்டு, ராத்திரி எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்கு என்று பேசிவிட வேண்டும். மேசைக்கு வராமல் உள்ளேயே இருந்த பாத்திரம்தான் போக வேண்டும். மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு, ஆவி பறக்கிற சூடு. தயிர் சாதமும் தேங்காய்ச் சட்னியும் வேண்டாம். பதினொன்றரை மணிக்கு மேல் தூங்கப்போன பிள்ளைகளை எழுப்பி ஆறின பிரியாணி போடுவதற்கு அனுப்பாமலே இருக்கலாம்.