மே 28, தோலோலிங்: முகிலனைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு

கார்கில் போர் வெற்றி நாளான ஜூலை 26 நெருங்கினால் அந்தப் போரைப் பற்றிய பதிவுகள் வரத் தொடங்கிவிடும். தமிழில் எழுதுகிறவர்கள் மேஜர் சரவணனை மறப்பதில்லை. மறக்கவும் கூடாது. 1999 மே 29 அன்று பட்டாலிக் மலையில் பிகார் ரெஜிமென்ட்டோடு ஏறி உயிரைக் கொடுத்தவர் அவர். அதற்கு முந்தைய நாள் திராஸ் பக்கம் இன்னொரு தமிழ் அதிகாரி இறந்தார். அவர் பெயர் ஃபிளைட் லெப்டினன்ட் சுப்பிரமணியம் முகிலன், விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர் பைலட். அவரைப் பற்றிப் பதிவுகள் குறைவு. இருப்பவையும் ‘ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டது, வீரமரணம் அடைந்தார்’ என்று இரண்டு வரியில் முடிந்துவிடுகின்றன.

அந்த இரண்டு வரி எனக்குப் போதவில்லை. ஒரு இளம் பைலட் போரில் இறந்தார் என்றால், அவர் என்ன வேலையாகப் போனார், எந்த இயந்திரத்தில் போனார், அந்த இயந்திரத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நினைவுகூரல். பெயருக்கு மாலை போட்டுவிட்டு, ஏவுகணையைத் திசைதிருப்பும் ஃபிளேர் கருவி அவருடைய ஹெலிகாப்டரில் இல்லாமல் போனதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது என்பது என் கருத்து.

முதலில் நடந்தது. விமானப்படையின் ‘சஃபேத் சாகர்’ நடவடிக்கை 1999 மே 26 அன்று தொடங்கியது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது அரசு போட்ட நிபந்தனை. மே 28 அன்று 152ஆவது ஹெலிகாப்டர் பிரிவைச் சேர்ந்த நான்கு பேருக்கு ‘நூப்ரா’ என்ற அழைப்புப் பெயர் கொண்ட அணியில் திராஸ் அருகே தோலோலிங் மலையில் பாகிஸ்தான் படை பிடித்திருந்த நிலைகளைத் தாக்கும் பணி தரப்பட்டது. ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புந்திர், ஃபிளைட் லெப்டினன்ட் முகிலன், சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜென்ட் ராஜ் கிஷோர் சாகு. ராக்கெட் தாக்குதலை முடித்துவிட்டு விலகித் திரும்பும்போது அவர்கள் நால்வரும் இருந்த மி-17ஐ ஸ்டிங்கர் ஏவுகணை தாக்கியது. நால்வரும் இறந்தார்கள். நால்வருக்கும் வீரத்துக்கான வாயு சேனா பதக்கம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

‘தாக்குதலை முடித்துவிட்டு’ என்பதைக் கவனியுங்கள். போகும் வழியிலேயே விழுந்தது என்று எழுதுவது தவறு. அவர்கள் கொடுத்த வேலையைச் செய்து முடித்தவர்கள்.

இனி அந்த இயந்திரம். மி-17 அடிப்படையில் ஒரு சுமை வண்டி. ஆள், ரேஷன், குண்டுப் பெட்டி, காயம்பட்டவர் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும் வேலைக்காகவே வடிவமைக்கப்பட்டது. அதிகபட்ச எடை 13,000 கிலோ, இரண்டு எஞ்சின், மேலே ஐந்து இறக்கை கொண்ட, 21 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான விட்டமுள்ள ரோட்டார். தாக்குதலுக்காகவே செய்யப்பட்ட ஹெலிகாப்டரைப் போல ஒல்லியான உடம்பு இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு பேருந்து அளவுக்குத் தெரியும். அதற்குத்தான் இரண்டு பக்கமும் ராக்கெட் கூடுகளை மாட்டினார்கள். இந்த வகைக்குரிய கூடு ஒன்றில் 57 மில்லிமீட்டர் ராக்கெட் 32 நிற்கும். நான்கு கூடு என்றால் 128. கூடும் ராக்கெட்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன் எடை.

‘இதற்கு ஏன் மி-17? தாக்குதல் ஹெலிகாப்டர் நம்மிடம் இல்லையா?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. மி-25, மி-35 இரண்டும் இருந்தன. கவசமும் இயந்திரத் துப்பாக்கியும் கொண்டவைதான். ஆனால் திராஸ் ஊரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 10,800 அடியில் இருக்கிறது. அதன் மேலே உள்ள பாயின்ட் 5140 என்ற சிகரத்தின் உயரம் பெயரிலேயே இருக்கிறது: 5,140 மீட்டர், அதாவது 16,800 அடிக்கு மேல். 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் 60 சதவீதம்தான். எஞ்சினுக்கு உள்ளே போகும் காற்று குறைவு, அதனால் சக்தி குறைவு. ரோட்டார் பிடித்துத் தள்ளக் கிடைக்கும் காற்றும் குறைவு, அதனால் தூக்குதிறன் குறைவு. இரண்டு பக்கமும் அடி. கவசத்தின் எடையைச் சுமந்துகொண்டு மி-35 அங்கே சண்டை போட முடியாது. மி-17 முடியும், ஆனால் விளிம்பில் நின்றுகொண்டு. அதன் உச்சவரம்பு, அதாவது ஏறக்கூடிய அதிகபட்ச உயரம், சுமையைப் பொறுத்து 5,000 முதல் 6,000 மீட்டர். ஒரே இடத்தில் மிதந்து நிற்பது என்றால் சுமார் 4,000 மீட்டரிலேயே மூச்சு வாங்கும்.

உச்சவரம்புக்கு அருகே பறப்பதன் பொருள் என்ன என்பதைப் புரிந்துகொண்டால்தான் முகிலனும் புந்திரும் எந்த நிலைமையில் இருந்தார்கள் என்பது விளங்கும். தாழ்வான இடத்தில் பைலட்டின் கையில் மிச்சச் சக்தி இருக்கும். ஆபத்து என்றால் சட்டென்று சாய்த்துத் திரும்பலாம், மேலே இழுக்கலாம். உயரத்தில் அந்த மிச்சம் இருக்காது. கூர்மையாகத் திரும்பினால் ரோட்டாருக்குக் கூடுதல் தூக்குதிறன் தேவை. அது கிடைக்காதபோது ஹெலிகாப்டர் உயரத்தை இழக்கும். இன்னும் அழுத்தினால் பின்னோக்கிச் சுழலும் பக்கத்து இறக்கைகள் காற்றின் பிடியை விட்டுவிடும். அதனால் திருப்பம் அகலமாகவும் மெதுவாகவும் இருக்கும். முகட்டில் இருக்கிறவன் நிதானமாகக் குறி வைக்க அது போதும்.

ராக்கெட் தாக்குதலின் முறையே பைலட்டை வெளிச்சத்தில் நிறுத்துவது. அந்த 57 மில்லிமீட்டர் ராக்கெட்டுக்கு வழிகாட்டும் கருவி எதுவும் கிடையாது. ஹெலிகாப்டரின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். எனவே இலக்கை நோக்கி நேராக, ஆடாமல், சில விநாடிகள் பறக்க வேண்டும். வெடிமுனை சிறியது, சிதறல் அதிகம். கல்லை அடுக்கிக் கட்டிய பதுங்குகுழியைப் பாதிக்க வேண்டும் என்றால் கிட்டே போகத்தான் வேண்டும். மெல்லிய காற்றில் ராக்கெட்டின் பாதையும் மாறும். இழுவிசை குறைவதால் சமவெளிப் பயிற்சித் திடலில் பழகிய கணக்கில் சுட்டால் இலக்கைத் தாண்டிப் போய் விழும். சுட்டு முடித்ததும் விலக வேண்டும். விலகும்போதுதான் வயிற்றையும் பக்கவாட்டையும் எதிரிக்குக் காட்டுகிறோம். மி-17இன் எஞ்சின் புகைவாய்கள் மேலே, ரோட்டார்த் தண்டின் இரு பக்கமும் வெளியே பார்த்தபடி இருக்கின்றன. பல நூறு டிகிரி சூடான வாயு அங்கிருந்துதான் வெளியே வருகிறது. வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணைக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

ஸ்டிங்கர் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை. சுடத் தயார் நிலையில் மொத்த எடை 16 கிலோவுக்குள். ஒரு ஆள் தூக்கிக்கொண்டு மலை ஏறலாம். வெடிமுனை 3 கிலோ. எட்டும் தூரம் நான்கரை கிலோமீட்டருக்கு மேல், வேகம் ஒலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஹெலிகாப்டரை மூன்று, நான்கு விநாடிகளில் பிடித்துவிடும். எட்டும் உயரம் 3,800 மீட்டர் என்று குறிப்பேடுகளில் போட்டிருக்கும். அது சுடுகிறவன் நிற்கும் இடத்திலிருந்து கணக்கிடுவது. சமவெளியில் நிற்பவனுக்கு எதிராக மேலே ஏறித் தப்பலாம். 16,000 அடி முகட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதிராக மி-17 ஏறித் தப்ப வானமே இல்லை. பள்ளத்தாக்கில் வரும் ஹெலிகாப்டர் அவன் மட்டத்திலோ அவனுக்குக் கீழேயோதான் இருக்கும். அணியாகத் தாக்கும்போது முதலில் போகிறவருக்கு எதிரியின் அதிர்ச்சி துணை செய்யும். பின்னால் வருகிறவருக்கு அதுவும் கிடையாது, முகட்டில் இருப்பவன் தோளில் குழாயை ஏற்றித் தயாராகியிருப்பான்.

இப்போது இல்லாமல் போன அந்தப் பொருளுக்கு வருகிறேன். சுட்டு வீழ்த்தப்பட்ட அந்த மி-17இல் ஃபிளேர் வீசும் கருவி பொருத்தப்படவில்லை. ஃபிளேர் என்பது மெக்னீசியம் கலவை அடைத்த சிறு தோட்டா. வெளியே வீசியதும் எஞ்சினைவிடப் பிரகாசமான வெப்பத்தோடு சில விநாடிகள் எரியும், ஏவுகணையின் கண் அதன் பக்கம் போகும். சோவியத் வடிவமைப்பில் இந்த ஹெலிகாப்டர் வகைக்கென்றே ஒரு பெட்டிக்கு 32 தோட்டா கொண்ட வீசுகருவி உண்டு. அதோடு புகைவாயில் மாட்டிக் குளிர்காற்றைக் கலந்து சூட்டைக் குறைக்கும் உறையும், ஏவுகணையின் கண்ணைக் குழப்பும் துடிப்பு விளக்கும் உண்டு. மூன்றுமே ஆப்கானிஸ்தான் போரில் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகளை எதிர்கொண்ட சோவியத் படை பரவலாகப் பொருத்தியவை. 1999இல் இவை யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை.

ஃபிளேர் இருந்திருந்தால் நால்வரும் நிச்சயம் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது நேர்மையாகாது. ஃபிளேருக்கும் நேரம் முக்கியம். ஏவுகணை கிளம்பியதைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் பெரும்பாலும் தாமதமாகிவிடும். சுட்டு முடித்து விலகும் கணத்திலேயே முன்கூட்டி வரிசையாக வீச வேண்டும். ஸ்டிங்கரின் பிந்தைய வகைகள் வெப்பத்தோடு புற ஊதாக் கதிரையும் சேர்த்துப் பார்த்து ஃபிளேரை ஓரளவு அடையாளம் கண்டு ஒதுக்கவும் செய்யும். ஆனாலும் ஒரு பைலட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பு அது. மிச்சச் சக்தி இல்லாத உயரத்தில், திரும்பித் தப்பும் வழியும் இல்லாதபோது, அந்த ஒரு வாய்ப்புதான் இருந்தது. அதுவும் இல்லாமல் போனார்கள்.

ஆபத்து தெரியாமல் நடந்ததா என்றால் அதுவும் இல்லை. மே 21 அன்றே, ஸ்குவாட்ரன் லீடர்கள் பெருமாளும் ஜாவும் படம் எடுக்கப் போன கான்பெரா விமானத்தின் எஞ்சினை ஏவுகணை தாக்கியது. ஒரே எஞ்சினில் ஸ்ரீநகர் வந்து இறக்கினார்கள். அந்தத் துணிச்சலைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். மே 27 அன்று ஃபிளைட் லெப்டினன்ட் நச்சிகேதாவின் மிக்-27 எஞ்சின் அணைந்து விழுந்தது. அவரைத் தேடிப் போன ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அகுஜாவின் மிக்-21 ஏவுகணையால் விழுந்தது. அடுத்த நாள்தான் முகிலன் போனது. முகடுகளில் ஏவுகணை இருக்கிறது என்பது ஒரு வாரமாகத் தெரிந்த செய்தி.

தரைப்படை தவித்துக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தோலோலிங்கின் மேலிருந்து பார்த்தால் ஸ்ரீநகர்-லே சாலை கீழே தெரியும். அதில் போகும் ஒவ்வொரு வண்டியையும் குறி பார்த்துப் பீரங்கிக் குண்டு விழுந்தது. சரிவில் ஒதுங்க மறைவில்லாமல் காலாட்படையினர் மடிந்துகொண்டிருந்தார்கள். மேலிருந்து உதவி வேண்டும் என்று அவர்கள் கேட்டது நியாயம். போகிறேன் என்று பைலட்டுகள் கிளம்பியதும் அந்த நியாயத்துக்காகத்தான். அனுப்பியது சரியா என்று இன்றும் இரண்டு பக்கமும் வாதிடுகிறார்கள், அந்த வாதத்தில் இரண்டு பக்கமும் பொருள் இருக்கிறது. தற்காப்புக் கருவி இல்லாத வண்டியில் அனுப்பியதற்கு மட்டும் எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

அந்த நாளோடு ஹெலிகாப்டர் தாக்குதல் நிறுத்தப்பட்டது. மே 30 முதல் மிராஜ் 2000 விமானங்கள் வந்தன. ஏவுகணைக்கு எட்டாத உயரத்திலிருந்து குண்டு போடும் முறைக்கு விமானப்படை மாறியது. ஜூன் 13 அன்று தோலோலிங்கையும் ஜூன் 20 அன்று பாயின்ட் 5140ஐயும் காலாட்படை மீட்டது. மி-17கள் சுமை தூக்கவும் காயம்பட்டவர்களை இறக்கவும் திரும்பின. அந்தப் போரில் இந்தப் பணிகளுக்காக ஹெலிகாப்டர்கள் 2,000 முறைக்கு மேல் பறந்தன. அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பதை யாரும் எழுதுவதில்லை.

அந்த உயரத்தில் சண்டை போடக்கூடிய ஹெலிகாப்டர் வேண்டும் என்ற தேவை கார்கிலில்தான் அழுத்தமாக உணரப்பட்டது. எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனத்தின் தாக்குதல் ஹெலிகாப்டரான ‘பிரசண்ட்’ 2010 மார்ச்சில் முதலில் பறந்தது, 2022 அக்டோபர் 3 அன்று ஜோத்பூரில் படையில் சேர்ந்தது. 5.8 டன் வகை, மூக்கில் 20 மில்லிமீட்டர் பீரங்கி, 70 மில்லிமீட்டர் ராக்கெட், உச்சவரம்பு சுமார் 6,500 மீட்டர். ஏவுகணை நெருங்குவதை உணர்ந்து எச்சரிக்கும் கருவியும் ஃபிளேர் வீசும் கருவியும் உண்டு. 2025 மார்ச்சில் 156 ஹெலிகாப்டருக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. 1999இலிருந்து எண்ணிப் பாருங்கள், 23 ஆண்டுகள் கழித்துத்தான் முதல் அணி. எச்ஏஎல் பொறியாளர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, இந்த உயரத்துக்கான ஹெலிகாப்டரை உருவாக்குவது லேசான வேலையில்லை. ஆனால் எஞ்சின், பீரங்கியைப் பற்றிப் பெருமையாக எழுதுகிற நாம், அந்த ஃபிளேர் பெட்டியைப் பற்றி ஒரு வரி எழுதலாம். எனக்கு அந்த ஹெலிகாப்டரில் அதுதான் முக்கியமான உறுப்பு.

152ஆவது பிரிவு அவர்களை மறக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தின் சர்சாவா விமானப்படைத் தளத்தில், 25ஆம் ஆண்டையொட்டி 2024 ஜூலையில் நடந்த நிகழ்ச்சியிலும் நால்வரையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார்கள். திராஸ் போர் நினைவிடம் இருப்பதும் அதே தோலோலிங்கின் அடிவாரத்தில்தான். லடாக் சுற்றுலா போகிறவர்கள் எப்படியும் அங்கே வண்டியை நிறுத்துகிறீர்கள். மலையை அண்ணாந்து பார்க்கும்போது அது ஹெலிகாப்டர் பைலட்டுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்றும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

எழுதுகிறவர்களுக்கு இரண்டு சொல். ஒன்று, நான்கு பெயரையும் எழுதுங்கள். முகிலன் தமிழர் என்பதால் நமக்கு நெருக்கம், அதில் தப்பில்லை. ஆனால் மி-17 பைலட் மட்டும் ஓட்டும் வண்டி இல்லை. இரண்டு பைலட்டுகளுக்கு நடுவே ஃபிளைட் எஞ்சினியரின் இருக்கை இருக்கிறது, எஞ்சின் அளவுகளைப் பார்த்துச் சொல்வது அவர். உச்சவரம்பில் பறக்கும்போது அவர் சொல்லும் எண்தான் பைலட் எவ்வளவு இழுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும். சார்ஜென்ட்டுகள் இருவரையும் ‘மற்றும் சிலர்’ ஆக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, படம். முகிலன் பற்றிய பதிவில், பின்பக்கம் சாய்வுப் பலகையாக இறங்கும் கதவும் நீண்ட மூக்கும் உள்ள ஹெலிகாப்டரைப் போடாதீர்கள். அது மி-17 வி5, நம் படைக்கு 2012இல் வந்தது. 1999இல் பறந்தது பழைய மி-17. உருண்டைக் கண்ணாடி மூக்கு, பின்னால் சிப்பி போல இரண்டாகத் திறக்கும் கதவு. நல்ல படம் கிடைக்கவில்லை என்றால் படமே வேண்டாம், நான்கு பெயரும் தேதியும் போதும்.