படிவத்தில் அவன் மதிப்பெண் பூஜ்யம்

கேள்வித்தாள் கொடுத்து, கணினியில் மதிப்பெண் போட்டு, தற்கொலை எண்ணம் உள்ள பிள்ளைகளை பள்ளிகளில் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 மாணவர்களில் 10 பேர் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனை 90 சதவீதம் சரி என்றால் 9 பேரைப் பிடிக்கும். கூடவே, மீதி 9,990 பேரில் 10 சதவீதம் தவறிப்போய், ஒன்றுமில்லாத 999 பேரையும் பிடிக்கும். இத்தனை பேரிடமும் உட்கார்ந்து பேச எந்தப் பள்ளியில் ஆள் இருக்கிறது? தற்கொலை பற்றி 50 ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளை 2017-இல் தொகுத்துப் பார்த்தார்கள். வழக்கமான ஆபத்துக் காரணிகளை வைத்துக் கணிப்பது, காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று தெரிந்தது.

நான் பிளஸ் டூ வகுப்பாசிரியர். இப்படி ஒரு படிவம் கொடுத்தபோது ஒரு பையன் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்திருந்தான். பக்கத்து பெஞ்சுக்காரன் எட்டிப் பார்க்கும்போது வேறென்ன எழுதுவான்? இரண்டு வாரம் கழித்து சைக்கிள் ஸ்டாண்டில் அவனாகவே வந்து, “ராத்திரி தூக்கமே வரலை சார்” என்றான். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேட்டேன். (கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்பது வெறும் பயம்தான்.) ‘ஆமாம்’ என்று தலையாட்டினான். அங்கேயே அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் வந்து சேரும்வரை, அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் ஆலோசகரிடம் பேசவைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.